அரசின் வாயிலில் வணிகர்

1991இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட 95எல்எக்ஸ் என்னும் கணனி சட்டைப்பையில் அடங்கத்தக்கது. சாதாரண மின்கலங்கள் இரண்டில் இயங்குவது. 1996இல் யப்பானில் வெளிவந்த தோஷிபாவின் லிப்ரெட்டோ 20, ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடையில் விண்டோஸ் 95ஐயே இயக்கியது. விசைகள் விரல்களுக்குப் போதாத அளவு சிறியனவாயினும், அலுவலகத்தைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்ற நம்பிக்கையை இக்கருவிகள் வளர்த்தன. அலுவலகம் கைக்குள் வருமாயின் அரசாங்கத் திணைக்களமும் வரவேண்டும் என எதிர்பார்த்தல் இயல்பே. அதனைக் கொணர்ந்து தருபவர் யார் என்னுமிடத்தே அறவியல் வினா எழுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் கன்சஸ் மாநிலம் 1990களின் தொடக்கத்திலேயே அரச ஆவணங்களை மின்வழி வழங்கும் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்தது. அம்முயற்சியிலிருந்து வளர்ந்த என்.ஐ.சி. நிறுவனம் பின்னர் பல மாநிலங்களின் வலைத்தளங்களை நடத்திற்று. 2021இல் டைலர் டெக்னோலஜீஸ் அதனை ஏறத்தாழ 230 கோடி டொலருக்கு வாங்கியது. இம்முறையில் திறைசேரி பெரும்பாலும் முற்செலவு செய்வதில்லை. சாரதிகளின் குற்றப் பதிவுகளைக் காப்புறுதித் துறையினர் கட்டணஞ் செலுத்திப் பெறுவர். அக்கட்டணத்தின் ஒரு பங்கிலிருந்து, இலவசமான ஏனைய சேவைகளும் நடைபெறும்.

இலாபம் பெறுவோன் செலுத்துகின்றான், விண்ணப்பப் படிவந் தேடும் ஏழை எதுவுஞ் செலுத்துவதில்லை என்று இதற்கு நியாயம் கூறப்படும். அந்நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின் விற்கப்படும் பொருள் சாரதியின் வாழ்க்கை பற்றியது. அவன் அதனை விரும்பிக் கொடுத்தானல்லன். கொடாதுவிடின் அனுமதிப்பத்திரம் இல்லை. 1994ஆம் ஆண்டின் சாரதிகள் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் காப்புறுதித் தேவைக்கு இப்பதிவுகளை வழங்க இடமளித்தது உண்மையே. சட்டத்தின் அனுமதி சாரதியின் சம்மதமாகிவிடுமா? மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் நெறியை இவ்விடத்தில் நினைவுகூராதிருத்தல் அரிது.

எனினும் ஆபத்தான சாரதி யாரெனக் காப்புறுதியாளர் அறிவதில் வீதியிற் செல்லும் ஏனையோருக்கும் நன்மையுண்டு. ஆதலால் தகவலை வெளியிடுதலே தவறு எனல் பொருந்தாது. தவறு வேறிடத்தில் உள்ளது. பதிவுகளின் விற்பனையாலேயே அரசின் வலைத்தளம் இயங்குமாயின், குறைவாகத் திரட்டுங்கள், குறைவாக விற்றுவிடுங்கள் என அரசுக்கு ஆலோசனை கூறும் நிலையில் அத்தளத்தை நடத்துபவர் இரார்; அவருக்கு ஊதியம் வருவது அவ்விற்பனையிலிருந்தே. அத்தகைய ஆலோசனையைக் கேட்க அரசுக்கும் ஆர்வமிராது, ஏனெனில் விற்பனை குன்றினால் இலவச சேவைகளின் செலவை வரியிலிருந்து ஈடுசெய்ய நேரும். இவ்விருவர் நடுவே செய்யப்படும் ஒப்பந்தத்தில் சாரதி ஒரு தரப்பினனாகக் கூட இடம்பெறுவதில்லை.