வாசலைத் தாண்டிய குப்பை யாருடையது?

  



கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணை ஆறு வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வருகிறது. சில நேரம் தரைப்பாலமே கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்கிறது. நாற்றம் தாங்க முடிவதில்லை. அப்போதெல்லாம் நம் வாயில் ஒரே பேச்சுதான்: "பெங்களூர்க்காரன் கழிவைத் திறந்து விட்டுட்டான்."

அது பொய்யல்ல. பெல்லந்தூர் ஏரியிலும் வர்த்தூர் ஏரியிலும் இறங்கும் நகரத்துக் கழிவுநீர்தான் இந்த ஆற்றில் சேர்ந்து நம்மிடம் வருகிறது. அதே பெல்லந்தூர் ஏரி 2018 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஏரி எரிகிறது என்றால் எந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்று பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பெங்களூரில் துணி துவைத்த அந்த மனிதர், ஓசூர் விவசாயியைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தாரா? இல்லை. சோப்புத் தண்ணீர் குழிக்குள் இறங்கியதும் தன் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தார். அவ்வளவுதான். குப்பைக் கவரைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற நாமும் அவரும் ஒன்றுதானே?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கை தவறி உடைந்தது. குழந்தைகளின் காலில் குத்திவிடக் கூடாதே என்று விளக்கைப் போட்டு, குனிந்து, ஒவ்வொரு சில்லாகத் தேடி எடுத்தேன். எடுத்ததை மிச்சச் சோறும் வெங்காயத் தோலும் கிடந்த அதே கறுப்புக் கவரில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன். என் அக்கறை வாசல்வரைக்கும்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவரும் அம்மாவின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஏதோ ஒரு வீட்டுக் கவர்ல கண்ணாடி பாய். பிரிக்கிறப்ப கையை விட்டேன், கிழிச்சிடுச்சு."

"எந்த வீடுன்னு தெரியுமா?"

"அது எப்படித் தெரியும் பாய்? கவர் எல்லாம் கறுப்பாத்தான இருக்கு."

அது என் கவரா, வேறொருவர் கவரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. "எங்கள் வீட்டிலும் கண்ணாடி போட்டோம்மா, எங்களுடையதாக இருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. மருந்துக்கு என்று கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெள்ளிக்கு வெள்ளி மிம்பரில் நின்று ஹக்குல் இபாத் பேசுகிறவன் நான்.

அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் குறை வைத்தால் தவ்பா செய்யலாம், அவன் மன்னிக்கப் போதுமானவன். அடியார்களின் உரிமையில் கை வைத்தால், உரியவரிடம் மன்னிப்புப் பெறாமல் அது தீராது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வந்து, இவரை ஏசினார், அவரை அடித்தார் என்று ஒவ்வொருவருக்கும் நன்மைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரைத்தான் உண்மையான முஃப்லிஸ், அதாவது திவாலானவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸ் இது. இதில் குப்பையின் கணக்கு இன்னும் சிக்கலானது. கடன்காரருக்குத் தான் யாருக்குக் கடன்பட்டோம் என்று தெரியாது. கடன் கொடுத்தவருக்கோ யாரிடம் கேட்பது என்று தெரியாது. விலாசமே இல்லாத கடனை எங்கே போய் அடைப்பது?

மதரஸாவில் ஹிதாயா ஓதும்போது, பாதையில் ஒருவர் உண்டாக்குகிற விஷயங்கள் பற்றி ஒரு பாடம் வரும். எண்ணூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் அதில் ஒரு சட்டம் சொல்கிறார்கள். ஒருவர் பாதையைப் பெருக்கினார், பெருக்கிய இடத்தில் யாரோ விழுந்து அடிபட்டால் அவர் மீது பொறுப்பில்லை. ஏனென்றால் அவர் வரம்பு மீறவில்லை. ஆனால் பெருக்கிய குப்பையைப் பாதையிலேயே குவித்து வைத்து, அதில் ஒருவர் இடறினால், குவித்தவர்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பரீட்சைக்காக அன்று இதை மனப்பாடம் செய்தேன். அந்த அம்மாவின் கையைப் பார்த்த பிறகுதான் பாடம் புரிந்தது.

அதே பாடத்தில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. நான் பாதையில் வைத்த கல்லை இன்னொருவர் நகர்த்தி வேறிடத்தில் வைத்து, அங்கே ஒருவர் அடிபட்டால், பொறுப்பு நகர்த்தியவருடையது. உடனே கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார்: "ஹஜ்ரத், நான் வாசலில் வைத்தேன், மாநகராட்சி எடுத்துக்கொண்டது, வரியும் கட்டுகிறேன், அப்புறம் எனக்கென்ன?" நல்ல கேள்விதான். ஆனால் கல் கண்ணுக்குத் தெரியும். அதை நகர்த்துகிறவர் கல் என்று தெரிந்தே நகர்த்துகிறார். நம் கவருக்குள் இருக்கும் பிளேடோ ஊசியோ அதைத் தூக்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதபடி மூடிக் கட்டியது நாம்.

இந்த இடத்தில் எனக்கு மதீனாவின் கடைத்தெரு நினைவுக்கு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இந்த ஹதீஸை நாம் வியாபாரிகளுக்கு மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். குவியலுக்குள் இன்றைக்கும் ஒரு கை நுழைகிறது. அடியில் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லாமல் விட்ட குவியல் அது.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் அவர்கள் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்பது எல்லா இடத்திலும் கேட்கிற பேச்சு. சில இடங்களில் அது நடக்கவும் செய்கிறது, நான் மறுக்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள், வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே அன்று சொல்லியிருந்தன. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வண்டி எப்படிக் கொட்டுகிறது என்பது பிறகு வருவது. அதற்கு முன்பே ஒரு மனிதரின் கை நம் கவருக்குள் போய் வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் ஸஃப்பைச் சரி செய்யவில்லை என்பதற்காக நாம் தொழுகையை விடுவதில்லையே.

சரி, கவர் எங்கே போகிறது? பெங்களூர் குப்பை பல வருடங்கள் மாவள்ளிபுரா, மண்டூர் என்ற கிராமங்களுக்குப் போனது. சோறும் பிளாஸ்டிக்கும் கலந்து மலையாகக் கிடந்தால், அதிலிருந்து கறுப்பாக ஒரு நீர் கசிந்து நிலத்துக்குள் இறங்கும். ஈ, நாய், நாற்றம் எல்லாம் கூடவே வரும். 2012-ல் மாவள்ளிபுரா மக்கள் இனி வேண்டாம் என்று நின்றார்கள். பெங்களூர் தெருக்களில் குப்பை குவிந்தது. 2014-ல் மண்டூரும் மூடப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தொல்லையிலிருந்து நிம்மதியாக இல்லாதவரை ஒருவர் முழுமையான முஃமினாக முடியாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் தெருக்குப்பை போய்ச் சேரும் கிராமமும் நமக்கு அண்டை வீடுதான். தென்பெண்ணையும் ஓசூரோடு நின்றுவிடுவதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் தாண்டிக் கடலூர்வரை போகிறது. நாம் ஓடையில் வீசுவதற்கு அவர்கள் யாரைத் திட்டுவார்கள்?

குப்பை என்று நாம் முடிவு செய்வதெல்லாம் குப்பையும் அல்ல. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை செய்யப்பட்ட பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கடந்து போகும்போது, இதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். அது தானாகச் செத்தது என்றார்கள் தோழர்கள். அதைச் சாப்பிடுவதுதான் ஹராம் என்று விளக்கினார்கள். சாப்பிடலாம் அல்லது எறிந்துவிடலாம் என்று இரண்டே வழி தெரிந்தவர்களுக்கு மூன்றாவது வழியைக் காட்டினார்கள். பக்கத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டுப் பிழைத்த சமுதாயம் நாம். பழைய பொருள் வாங்கும் கடைக்குக் காயலான்கடை என்ற பெயரே காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். எல்லை தாண்டினால் அதைக் குஜரி என்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை பழைய பேப்பர், இரும்புக் கடை வைத்திருக்கிறார் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறோம். ஊரே எறிந்ததை எடுத்துப் பொருளாக்குகிறவர் நமக்கு மட்டம்; எறிகிறவர் மதிப்பானவர். இது எந்த ஊர் நியாயம்?

மஸ்ஜிதைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். சாதாரண ஆள்தானே என்று நபியவர்களுக்குச் சொல்லாமலேயே அடக்கிவிட்டார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ருக்கே போய்த் தொழுதார்கள். நம் தெருவைப் பெருக்குகிறவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பள்ளிவாசலும் இதில் தப்பவில்லை. நோன்புக் கஞ்சியை நாம் ஊற்றிக் கொடுக்கிற பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அந்த வகைக் கப்புகள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. முப்பது நாளும் அதில்தான் குடித்தோம். நிர்வாகத்தாரிடம் பேசியாயிற்று. வரும் ரமளானில் எவர்சில்வர் டம்ளர்தான்; கழுவுவதற்கு இளைஞர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கஞ்சி வாங்குபவர்கள் தூக்குவாளி கொண்டு வாருங்கள், கவரில் ஊற்ற மாட்டோம்.

வீட்டிலும் இன்றைக்கே தொடங்கலாம். உடைந்த கண்ணாடி, பிளேடு, சர்க்கரை நோயாளிகளின் ஊசி இவற்றைத் தடித்த அட்டையில் சுற்றி ஒட்டி, மேலே "கண்ணாடி", "ஊசி" என்று பெரிய எழுத்தில் எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள். குழந்தைகளின் டயப்பர், பெண்களின் நாப்கின்கள் செய்தித்தாளில் மடித்துத் தனியாகப் போகட்டும். சோறும் தோலும் தனிவாளியில் இருக்கட்டும்.

நான் அந்த அம்மாவிடம் பிறகு போய்ச் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டுக் கண்ணாடியாக இருக்கலாம் என்று. சிரித்துவிட்டு, "விடுங்க பாய், இதைச் சொல்றதுக்கா வந்தீங்க?" என்றார். மன்னித்தாரா, நான் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள். பழைய பேட்டரி, பல்புகளைப் போட ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.