பெயர் ஒன்று, சரக்கு வேறு

பெயர் மாறாமல் சரக்கு மட்டும் மாறினால், அதைச் சொல்லாமல் விற்பது நேர்மையா?

பல்லாண்டுகளாக ஒரே சவரக் கிரீம் வாங்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, பழைய வாசனை இல்லையே, என் மூக்குக் கெட்டுவிட்டதா?" என்றார். விற்றுத் தீர்க்கும் ஆசையில், "அதே சரக்குத்தான்" என்றோம். அவர் தம் மூக்கையே நொந்துகொண்டு போனார்.

மனம் உறுத்தவே, பழைய பெட்டியையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பழையதில் இருந்த 'லிலியால்' என்னும் மணப்பொருள் புதியதில் இல்லை. மக்கட்பேற்றுக்குக் கேடென்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அதைத் தடுத்திருக்கிறது. மாற்றம் நன்மைக்கே, மறைத்தது நம் குற்றம்.

மறுமுறை வந்தவரிடம் உண்மையைச் சொன்னோம். "மூக்குப் பிழைத்தது!" என்று சிரித்து, புதியதையே வாங்கினார்.

பழகிய பொருள் போனால் மனிதன் பொறுத்துக்கொள்வான். தன்னையே சந்தேகிக்க வைத்தால் பொறுக்கமாட்டான். வணிகத் தோழர்களே, சொல்லி விற்போம்.