பூங்காவில் ஜாஸ், ஞாயிறன்று

சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்ன் குரோவ் பூங்காவில் கோடைக்கால ஞாயிறுகளில் திறந்தவெளிக் கச்சேரி நடக்கிறது. ரோசலி ஸ்டெர்ன் என்பவர் கணவரின் நினைவாக 1931இல் நகருக்கு அளித்த இடம் அது. கச்சேரிகள் 1938இல் தொடங்கின. அனுமதி இலவசம். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே விரிப்பைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பிரித்துச் சாப்பிட்டபடி ஜாஸ் கேட்கிறார்கள். ஸ்விங் தாளம் சூடுபிடித்தால் எழுந்து ஆடுகிறார்கள். ஞாயிறை இப்படிக் கழிப்பது வழிபாட்டு நாளுக்கு இழுக்கா, அல்லது அந்த நாளின் நோக்கமே இதுதானா என்ற கேள்வி இந்தப் பூங்காவைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

விவிலியத்தில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது; காரணம் ஒவ்வோர் இடத்திலும் வேறு. யாத்திராகமம், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்ததைக் காட்டுகிறது. உபாகமமோ, எகிப்தில் அடிமைப்பட்டிருந்ததை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. முதல் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த நாளில் கேளிக்கைக்கு இடம் குறைவு. இரண்டாவதைப் பிடித்தால், அது உழைத்துக் களைத்தவரின் நாள்.

யூத மரபு ஓய்வுநாளை மகிழ்ச்சியோடு கொண்டாடச் சொல்கிறது. ஆனால் வாத்தியம் வாசிக்கத் தடை விதிக்கிறது. யூதர்களின் சட்டத் தொகுப்பான தால்மூத் சொல்லும் காரணம் நுட்பமானது: வாத்தியம் பழுதானால் அதைச் சரிசெய்யக் கை நீளும், அது வேலையாகிவிடும். இசைமீது இதில் வெறுப்பு ஏதுமில்லை.

ஞாயிறையே ஓய்வுநாளாகக் கொண்ட இங்கிலாந்தின் கண்டிப்பான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களிடம் அந்த நிதானம் இல்லை. ஞாயிறு வழிபாடு முடிந்தபின் ஆடலும் விளையாட்டும் கூடும் என்று 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அறிவித்திருந்தார். 1643இல் பியூரிட்டன்களின் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம் அந்த அறிவிப்பைப் பொது இடத்தில் எரிக்க உத்தரவிட்டது. இருநூறு ஆண்டு கழித்து, அமைச்சர் சர் பெஞ்சமின் ஹால் லண்டன் பூங்காக்களில் ஞாயிறன்று ராணுவ பேண்ட் வாசிக்க ஏற்பாடு செய்தபோது கேன்டர்பரி பேராயர் எதிர்த்தார். 1856இல் பிரதமர் பாமர்ஸ்டன் பணிந்து அதை நிறுத்தினார். மற்ற ஆறு நாளும் பட்டறையில் கிடந்த தொழிலாளிக்குப் பூங்காவுக்குப் போக வேறு நாள் ஏது? எதிர்த்தவர்கள் உபாகமத்தைப் பாதிதான் படித்திருந்தார்கள்.

அந்த மறுபாதி நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை நியூ ஆர்லியன்ஸ் காட்டுகிறது. லூசியானாவின் 1724ஆம் ஆண்டு அடிமைச் சட்டம் ஞாயிறன்று அடிமைகளிடம் வேலை வாங்கத் தடை விதித்தது. அந்த நாளில் அவர்கள் கூடிய திடல்தான் காங்கோ சதுக்கம். 1819இல் அங்கே போன கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் தான் கண்டதை எழுதியும் வரைந்தும் வைத்தார்: ஐந்நூறு, அறுநூறு பேர் வட்டம் வட்டமாக நிற்கிறார்கள், ஒரு முதியவர் மேளத்தின்மேல் இருபுறமும் கால்களைப் போட்டு உட்கார்ந்து கைவிரல்களால் அடிக்கிறார், சுரைக்குடுக்கையில் செய்த நரம்பு வாத்தியத்தின் தலையில் மனித உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. லட்ரோப்புக்கு அந்த இசை பிடிக்கவில்லை. ஆனால் ஜாஸின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்தத் திடலைக் கடந்து போவதில்லை. விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே சொந்தமாக இருந்த சில மணி நேரம் அது. ஓய்வுநாள் என்பதற்கு இதைவிட நேரான பொருள் கிடைப்பது அரிது.

பிற்காலத்தில், 1965இல், ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்துக்குள்ளேயே தம் இசைக்குழுவுடன் புனிதக் கச்சேரி நடத்தினார். அப்போதும் சில போதகர்கள் இத்தகைய கச்சேரிகளை உலக இன்பம் என்று ஒதுக்கினார்கள். 1970இல் காங்கோ சதுக்கத்தில் நடந்த முதல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் அவரும் நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சனும் பங்கேற்றார்கள்.

கண்டிப்பாளர்களின் வாதங்களில் ஒன்று மட்டும் இன்னும் வலுவாக நிற்கிறது: ஒருவரின் ஓய்வுக்கு இன்னொருவர் உழைக்கிறார். ஆலயத்தில் குருக்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமற்றவர்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். மேடையில் இருப்பவருக்கு அந்த விலக்கை ஒருவேளை நீட்டலாம். கூட்டம் கலைந்தபின் புல்வெளியில் காகிதத் தட்டுகளைப் பொறுக்குபவருக்கு அது பொருந்தாது. உபாகமம் சொல்லும் வேலைக்காரர் அவர்தான். கூலி குறையாமல் வாரத்தில் வேறொரு நாள் அவருக்குக் கிடைக்கும்போதுதான் அந்தக் கட்டளை நிறைவேறுகிறது.