எழுதிக்கொண்டு போனவர்கள்

கையில் காகிதமும் பேனாவுமாக யாராவது தெருவுக்குள் நுழைந்தால், எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் முதல் கேள்வியை வீட்டுக்காரர்தான் கேட்பார்: “இன்னாத்துக்கு எழுதிக்கினு போற?” வந்தவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் காணிக்கு எத்தனை மூட்டை மல்லாட்டை விளைந்தது என்பது முடிவாகும். கடன் தள்ளுபடிக்கு என்றால் ஒரு கணக்கு. புதுக் கடனுக்கு என்றால் வேறு கணக்கு. சம்பந்தம் பேச வந்தவர்கள் என்றால் மூன்றாவது கணக்கு. இதைப் பொய் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தன் பதில் எங்கே போகும், அதை வைத்துத் தன்னை என்ன செய்வார்கள் என்று தெரியாதவரை முழுப் பதிலையும் கொடுத்துவிடக் கூடாது என்ற பட்டறிவு அது. ஆய்வு முறையியல் புத்தகங்கள் இதற்கு ‘பதிலாளர் சார்பு’ என்று பேர் வைத்து, பழியைப் பதில் சொன்னவர் தலையில் கட்டிவிடுகின்றன.

நான் பார்க்க விரும்புவது மறுபக்கத்தை. எழுதிக்கொண்டு போகிறவருக்குப் பதில் சொன்னவரிடம் ஏதாவது கடமை இருக்கிறதா?

மேலாண்மை ஆலோசனைத் தொழிலில் கடமை முழுவதும் கிளையன்ட்டிடம்தான். காசு கொடுப்பவர் அவர். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு இப்படி ஒரு குழு வந்தது. ஆறு வாரம் இருந்தார்கள். பராமரிப்புப் பிரிவில் ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசினார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள், எங்களைவிட வயதில் சின்னவர்கள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, “உங்க வேலையைச் சுலபமாக்கத்தான் சார்” என்றார்கள். பதினைந்து வருடமாக அங்கே இருந்த ஓர் அக்கா, “சில புகாரை இருபது நிமிஷத்துல முடிச்சிருவேன்பா, எல்லாம் பழகின வழி” என்று பெருமையாகச் சொன்னார். இருபது நிமிடம் ஸ்லைடுக்குப் போனது. பதினைந்து வருடம் போகவில்லை. அடுத்த காலாண்டில் பிரிவு பாதியாகச் சுருங்கியது, அக்காவும் வெளியே போனார். அந்த அறிக்கையை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைகள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கற்ற முறை அப்படி. விடையை முதலில் ஊகித்துக்கொள்வது, வெற்று ஸ்லைடுகளுக்குத் தலைப்பு எழுதி வைத்துக்கொண்டு அதற்கான தரவைத் தேடிப் போவது. மெக்கின்சியில் இருந்த பார்பரா மின்டோ வகுத்த பிரமிடு முறையும் முடிவை உச்சியில் வைத்துக் காரணங்களைக் கீழே அடுக்கச் சொல்கிறது. எழுதும் முறை என்ற அளவில் அது நல்லதுதான், நானே மின்னஞ்சல்களை அப்படித்தான் எழுதுகிறேன். ஊகத்தோடு தொடங்குவதிலும் தப்பில்லை, அறிவியலும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே ஊகத்தை உடைப்பவருக்குப் பேர் கிடைக்கும். இங்கே உடைந்தால், ஆறு வாரக் கட்டணத்துக்கு யார் பதில் சொல்வது?

வக்கீலும் தன் கட்சிக்காரருக்காகத்தானே பேசுகிறார் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் என்று ஒருவர் இருக்கிறார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார். நிர்வாகக் குழு அறையில் அந்த நாற்காலி கிடையாது. அக்காவின் இருபது நிமிடத்தைப் பற்றி அங்கே குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை.

தொழில் பிறந்தபோதே இந்தக் கோணல் கூடப் பிறந்தது. 1899இல் பெத்லகேம் இரும்பாலையில் ஃபிரெடரிக் டெய்லர் வார்ப்பிரும்புக் கட்டி தூக்கும் கூலிகளின் வேலையை அளந்தார். 1911இல் வந்த அவரது புத்தகத்தில், நாளுக்கு 12½ டன் ஏற்றியவர் 47½ டன் ஏற்றுகிறார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆகிறது. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அந்தத் தொழிலாளியின் நிஜப்பெயர் ஹென்றி நோல். புத்தகத்தில் ‘ஷ்மிட்’. கொச்சை ஆங்கிலத்தில் அவர் பேசுவது போல ஓர் உரையாடலை எழுதி, இந்த வேலைக்கு உகந்தவன் எருதைப் போன்ற புத்திக்காரன் என்றும் டெய்லர் சேர்த்துக்கொண்டார். அதே ஆள் காலையிலும் மாலையிலும் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. எருது வீடு கட்டுமா என்று டெய்லர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வலிநிவாரணி மாத்திரை விற்பனைக்குச் சொன்ன ஆலோசனைகளுக்காக மெக்கின்சி 2021இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 57 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்ட கதை பலருக்குத் தெரியும். அந்த மாதிரி ஊழல்களைக் கண்டிப்பது எளிது. எனக்குக் கடினமாக இருப்பது ஒழுங்காக, சட்டப்படி, நல்லெண்ணத்தோடு நடக்கும் ஆலோசனை.

ஆந்திராவில் நடந்தது அப்படிப்பட்டது. சந்திரபாபு நாயுடு அரசு மெக்கின்சி துணையோடு தயாரித்த ‘விஷன் 2020’ 1999 ஜனவரியில் வெளிவந்தது. விவசாயத்தை நம்பியிருக்கும் மக்கள் 70 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைவார்கள் என்பது அதன் பார்வை. பொருளாதார வரலாறு படித்தவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியாது, பல நாடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் அந்த முப்பது சதவீதத்துக்குள் வருகிறவர்களிடம் கேட்டார்களா? 2001இல் மெதக் மாவட்டத்தில் கேட்டார்கள், அதுவும் வேறு ஆட்கள். லண்டன், சசெக்ஸ் ஆய்வு நிறுவனங்களும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து ‘பிரஜா தீர்ப்பு’ என்ற பெயரில் ஒரு நடுவர் குழுவைக் கூட்டின. நடுவர்களில் பெரும்பாலானோர் சிறு குறு விவசாயிகள், பெண்கள், தலித்துகள், ஆதிவாசிகள். அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் ஆய்வாளர்களும் சாட்சி சொல்ல, இவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். நிலத்திலிருந்து ஆட்களைக் குறைக்கும் திட்டம் வேண்டாம் என்பது தீர்ப்பு.

அடுத்த வருடம் பிரிட்டிஷ் அரசின் உதவி அமைப்பிடமிருந்து ஆட்சேபம் வந்தது. இந்த நடுவர்கள் மக்களின் சரியான பிரதிநிதிகள்தானா, முறையியல் நம்பத்தக்கதா என்று. நியாயமான கேள்விகள்தான். ஆனால் விஷன் 2020ஐத் தயாரித்தவர்கள் யாருக்குப் பிரதிநிதிகள் என்று அதே கறாரோடு கேட்கப்பட்டதா?

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. மென்பொருள் ஆட்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது சொந்தக் கிராமத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. அந்தக் கிராமங்களில் ஒன்று தூசி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களில் தமிழக அரசின் நிதிச் செயலராக இருந்து ஆய்வாளரான எஸ். குகன் மறுபடி தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் போனார். ஆரணியில் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் அரிசி ஆலை, பட்டு, நகைக்கடை, அடகுக்கடை என்று கணக்கெடுக்கத் தொடங்கி, நாற்பது வருடம் திரும்பத் திரும்ப அதே ஊருக்கு வந்தார். ஒரு சின்ன ஊரின் வியாபாரத்தை இவ்வளவு பொறுமையாக வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மெதுவாகச் செய்தால் நல்லது, வேகமாகச் செய்தால் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 1970களில் அதே வடாற்காடு நெல் ஆய்வில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ், நீளமான கேள்வித்தாள்களைக் கடுமையாகச் சாடியவர். தார்ச்சாலை ஓரத்து வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் நிபுணர்களை ‘கிராம வளர்ச்சிச் சுற்றுலாப் பயணிகள்’ என்று 1983இல் கிண்டலடித்தார். குறைந்த நாட்களில், மக்களையே தரையில் கோலப்பொடியும் விதையும் வைத்து வரைபடம் போடச் சொல்லும் முறைகள் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பாடு ஆலோசகர்கள் அந்த முறையையும் ஒரே மதியத்தில் முடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்கள்.

தூசி மக்களுக்கு இந்த ஆய்வுகளால் என்ன கிடைத்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்லேட்டரே திரும்பி வரவில்லை, வேறு ஆட்கள் வந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் படித்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒன்று நடந்தது. எழுதியது வெளியே கிடந்தது. அடுத்து வந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே தெருவில் நின்று, இது சரியா என்று கேட்க முடிந்தது. விஷன் 2020ஐக்கூட மெதக் பெண்கள் விசாரிக்க முடிந்தது அது அச்சில் இருந்ததால்தான். அக்காவின் வேலையை முடித்துவைத்த அறிக்கை ரகசியம். அதை யாரும் மறு ஆய்வு செய்ய முடியாது. ஆறு வாரம் கழித்துப் போனவர்கள் ஆறு வருடம் கழித்து வந்து, நாம் சொன்னது பலித்ததா என்று பார்க்கவும் போவதில்லை. அந்த வேலைக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

வியாபார ரகசியம் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் வெளியிட முடியாது. ஆனால் ஒருவர் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறோம் என்பதை அவரிடமே காட்டுவதில் என்ன ரகசியம் போய்விடும்? இதை என் மேலாளர் ஒருவரிடம் சொன்னேன். “காட்டறோம்னு தெரிஞ்சா எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான்ப்பா” என்றார். அடுத்த வருடம் இன்னொரு குழு வந்தது. ஒரு புகாரைத் தீர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். இந்த முறை பிரிவில் ஒருவர்கூட ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்துச் சொல்லவில்லை.