மாக்பெத்தும் ஒரு கணக்குப் புத்தகமும்

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், அரசனைக் கொன்றதோடு மாக்பெத்தின் கை நிற்கவில்லை. பிடித்த அரியணையைக் காக்க, நண்பன் பாங்கோவைக் கொல்லவும் ஆளனுப்பினான்.

டொரண்டோ யங் தெருவில் பழைய பாண்டேஜஸ் அரங்கைப் புதுப்பித்து, 1989இல் ‘ஃபான்டம் ஆஃப் தி ஓபரா’வை மேடையேற்றியவர் கார்த் டிரபின்ஸ்கி. நாடகம் 10 ஆண்டு ஓடியது. அவருக்கு அது போதவில்லை. அடுத்தடுத்துப் பிரம்மாண்டங்கள். நட்டம் வெளியே தெரியாதிருக்க, அவருடைய நிறுவனத்தில் ஒரு நாடகத்தின் செலவை இன்னொன்றின் கணக்கில் ஏற்றினார்கள். மாக்பெத்தைப் போலவே, ஒரு பொய்யைக் காக்க அடுத்த காலாண்டிலும் பொய். 2009இல் மோசடிக்காக அவருக்கு 7 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது 5 ஆனது.

இத்தனைக்கும் ஆள் அசல் திறமைசாலி. அவர் தயாரித்த ‘ராக்டைம்’ டோனி விருதுகள் வாங்கியதும், அவருடைய லைவென்ட் நிறுவனம் கவிழ்ந்ததும் ஒரே ஆண்டில்தான், 1998இல்.