நடக்கும் உரிமை

ஒருவன் ஒரு மலையின் மேல் நடந்து செல்வதற்கு மற்றொருவனிடம் அனுமதி கேட்க வேண்டுமா? வினா சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயின் இவ்வினாவுக்குத் தம் கால்களால் விடைகூறப் புகுந்தவர்கள் சிறை சென்றிருக்கின்றனர்; ஒரு நாட்டின் பாராளுமன்றம் நூறாண்டுக்கு மேலாக இதுபற்றி வாதிட்டிருக்கிறது. உடைமை என்பது யாது, அதன் எல்லை எது என்னும் பழைய அறவியற் பிரச்சினை இத்துணை எளிய வடிவில் வேறெங்கும் நம்முன் நிற்பதில்லை என்றே கூறலாம்.

இங்கிலாந்தின் வடபாலில், மன்செஸ்டர் நகருக்கும் ஷெபீல்ட் நகருக்கும் இடையே பீக் டிஸ்ரிக்ட் என்னும் மேட்டுநிலம் கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த பகுதி கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீற்றர்தான். நமது மலைநாட்டை அறிந்தோர்க்கு அது ஓர் உயரமன்று. மரமற்று விரிந்த மேடு, ஹெதர் என்னும் குறும்புதர், காலைப் புதைக்கும் கரிய பீற் மண், ஓயாத காற்று, இவையே அங்குள்ளவை. ஹோட்டன் சமவெளியின் பத்தனைப் புல்வெளியிற் பனிமூட்டத்திடையே நடந்தவர்கள் அதனை ஓரளவு உய்த்துணரலாம். இம்மேட்டின் இருபுறமும் பஞ்சாலைகளும் உருக்காலைகளும் நிறைந்த நகரங்கள். வாரம் முழுவதும் புகையினுள் உழன்றவர்க்கு, ஞாயிறு காலையிற் புறப்பட்டு இரவு வீடு திரும்பக்கூடிய தொலைவில் தூய காற்று இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர்க்கோ ஞாயிறு மட்டுமன்றி எல்லா நாளும் ஓய்வுநாளே. நடப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

ஆயின் மேட்டின் மேல் நடக்க முடியாது. அது ஒருகாலத்தில் ஊரார் ஆடு மேய்த்த பொதுநிலம். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தின் பாராளுமன்றம் 5200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தனியார் கைக்கு மாற்றியது. சட்டம் இயற்றியோரும் நிலம் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு அடைக்கப்பட்ட கிண்டர் மேட்டின் கணிசமான பகுதி டெவன்ஷயர் கோமகனின் உடைமையாயிற்று. குரூஸ் என்னும் காட்டுக்கோழியை அங்கே வளர்த்தனர். ஆகஸ்ட் 12ஆம் திகதி தொடங்கும் வேட்டைக்காலத்திற் கனவான்கள் சில நாட்கள் வந்து சுட்டனர். அச் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காவலர் தடியுடன் நின்றனர்.

1932 ஏப்ரல் 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 400 இளைஞரும் யுவதிகளும் ஹேபீல்ட் என்னும் சிற்றூரருகே ஒரு கைவிடப்பட்ட கற்குழியிற் கூடினர். பேசுவதாக இருந்தவர் வரவில்லை. பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்த பெனி ரொத்மன் என்னும் இருபது வயதுத் தொழிலாளி பாறைமேல் ஏறிப் பேசினார். பின்னர் அனைவரும் மேட்டை நோக்கி ஏறினர். காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். மறுபுறத்திலிருந்து ஷெபீல்ட் தொழிலாளர் ஏறிவந்து இவர்களுடன் சேர்ந்துகொண்டனர். ஊர் திரும்பியபோது பொலிசார் அறுவரைக் கைதுசெய்தனர். யூலை மாதம் டார்பி நீதிமன்றம் அவர்களுள் ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதித்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம்.

ஈண்டு நாம் நின்று கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இவர்கள் அத்துமீறி நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்படவில்லை. ஆங்கிலச் சட்டத்தின்படி வெறும் அத்துமீறல் குற்றமன்று. நிலவுடைமையாளன் நட்டஈடு கோரி வழக்கிடலாம், அவ்வளவே. ‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று நாட்டப்பெற்ற பலகைகள் சட்டப்படி பொய்யானவை. ஆகவே கலகக் கூட்டம் கூடினர், தாக்கினர் என்னும் குற்றச்சாட்டுகளை முன்வைக்க வேண்டியதாயிற்று. நடந்ததைத் தண்டிக்கச் சட்டமில்லாதபோது கூடி நடந்ததைத் தண்டித்தனர்.

அக்காலத்து நடைப்பயணச் சங்கங்களின் தலைவர்கள் இச்செயலை வரவேற்கவில்லை. அவர்களை வர்க்கத் துரோகிகள் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மலைகளில் நடக்கும் உரிமைக்கான மசோதாவை ஜேம்ஸ் பிரைஸ் 1884இற் கொண்டுவந்த நாள் முதலாக விண்ணப்பமும் வாதமும் கொண்டு பொறுமையாக உழைத்த மரபு அது. பலாத்காரம் அதுவரை பெற்ற சிறு சலுகைகளையும் கெடுத்துவிடும் என அவர்கள் அஞ்சினர். அச்சம் நேர்மையானது. ஆயின் 1884 முதல் 1932 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள். பொறுமை ஓர் அறமாயின், யாருடைய பொறுமை, யாருடைய செலவில் என்றும் கேட்கவேண்டும். கைதுகள் நிகழ்ந்து சில வாரங்களின் பின் வினற்ஸ் கணவாயில் நடைபெற்ற கூட்டத்துக்கு ஏறத்தாழ 10,000 பேர் வந்தனர். சிறை சென்ற ஐவரே அவர்களை அழைத்தவர்கள்.

உடைமையாளர் பக்கத்து நியாயமும் இல்லாமலில்லை. கூட்டம் நுழைந்தாற் பறவைகள் கலையும், நீரேந்து பகுதிகள் அசுத்தமாகும் என்றனர். இவை உண்மையான காரணங்களாயின் அவற்றுக்கேற்ற விதிகளை வகுத்துக்கொள்ளலாம். எவரும் எக்காலத்தும் வரலாகாது என்பது விதியன்று. தன் உழைப்பால் ஒருவன் ஆக்கிய வீட்டினுள் நுழைவதும், எவரும் ஆக்காத மேட்டின் மேல் நடப்பதும் ஒன்றாகா. நடப்பவன் எதையும் எடுத்துச் செல்வதில்லை. அவன் பறிப்பதெல்லாம், பிறரைத் தடுக்கும் இன்பத்தை மட்டுமே.

இவ்விடத்து, நிலத்தைக் குறிஞ்சி முல்லையென வாழ்வால் வகுத்த நம் முன்னோர் இப்பிரச்சினையை அன்றே தீர்த்துவிட்டனர் என்று பெருமை கொள்வோர் சிலர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பறம்பு மலை பாரியினுடையதாகவே பேசப்பட்டது.

பயன் மெல்லவே வந்தது. 1949இல் தேசிய பூங்காச் சட்டம்; 1951இற் பீக் டிஸ்ரிக்ட் நாட்டின் முதலாவது தேசிய பூங்காவாயிற்று. 1965 ஏப்ரல் 24ஆம் திகதி கிண்டர் அடிவாரத்திலிருந்து ஸ்கொத்லாந்து எல்லை வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீண்ட பெனைன் வழி திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர், பொதுநிலம் ஆகியவற்றில் நடக்கும் உரிமையை வழங்கியது. அதுவும் இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 8 வீதத்துக்கே. 2002இல், அன்றைய கோமகனின் பேரன் மக்கள் முன்னே தம் குடும்பத்தின் தவறுக்கு வருத்தம் தெரிவித்தார். அதனைக் கேட்க ரொத்மன் இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் காலமாகியிருந்தார். டார்ட்மூர் வெளியிற் கூடாரமிட்டு இரவு தங்கலாமா என்னும் வழக்கு 2025 மே மாதத்திலேதான் மக்கள் சார்பாகத் தீர்ந்தது.

உரிமை பெற்ற கால்கள் பின்னர் நிலத்தைக் காயப்படுத்தவும் செய்தன. ஆலைப் புகை ஏற்கெனவே பாசியினங்களை அழித்திருந்த பீற் மண், ஆயிரக்கணக்கானோர் மிதிக்கச் சேறாய்க் கரைந்தது. அதனைக் காக்கப் பாதைநெடுகக் கற்பலகைகளைப் பரப்பினர். அவற்றிற் பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை. தறிகளின் முன் நின்றோரின் காலடியில் தேய்ந்த கல்லின் மேல் இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் உலாவச் செல்கின்றனர்.

அவ்வெள்ளையராட்சி நமக்கு அளித்த சட்டம் வேறு. தம் நாட்டிற் குற்றமாக்காத அத்துமீறலை, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை வாயிலாக இங்கே அவர்கள் குற்றமாக்கினர். குற்றம் புரியும் அல்லது அச்சுறுத்தும் நோக்கம் மட்டுமன்று, உடையவனுக்கு எரிச்சலூட்டும் நோக்கத்துடன் நுழைவதும் போதும். துரையின் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தார் தோட்டத்துள் கால்வைக்க இயலாதிருந்த காலத்தை நம்முள் மூத்தோர் வாயிலாக அறிவோம். அத்தோட்டங்களே காடும் பத்தனையுமாக இருந்து, 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் வழியாகக் கைமாறியவை.

இன்று அதே தோட்டங்களினூடாக, கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைவழி 22 பிரிவுகளாக அமைந்துள்ளது. குன்றும் காடும் தேயிலையும் மாறிமாறி வரும் அழகிய வழி. அங்கு நடக்க வருவோரை நாம் குறைகூறோம், நாமும் நடந்திருக்கிறோம். ஆனால் அப்பாதைகளை வெட்டியவர்களும், கொழுந்துச் சுமையோடு தேய்த்துப் பாதையாக்கியவர்களும் ஞாயிற்றுக்கிழமை உலாவ வந்தவர்களல்லர். அவர்களது வழித்தோன்றல்களிற் பெரும்பாலானோர்க்குத் தாம் வாழும் லயத்து அறைக்கு இன்னும் காணி உறுதி இல்லை. மாணவரை அவ்வழியே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், காட்சிமுனையில் நிற்பதற்கு முன், ஒரு லயத்து வாசலில் நின்று அதுபற்றிக் கேட்டுச் செல்லலாம்.