ஹஜ் பயணத்தில் உயிர்க்காப்பும் இறைநம்பிக்கையும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடைபெற்ற ஹஜ்ஜின்போது மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் வளாகத்தில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அவ்வாண்டு 1,301 ஹாஜிகள் இறந்தனர் என்றும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதிச்சீட்டின்றி வந்து, நிழலோ ஓய்வோ இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. புனித மண்ணில் மரணம் வாய்ப்பது பெரும்பேறு என்ற எண்ணம் முஸ்லிம் சமூகங்களில் ஆழ வேரூன்றியிருப்பதால், இம்மரணங்களைத் தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகளாகக் கருதுவதா, இறைவனின் நாட்டமென்று ஏற்று அமைவதா என்ற கேள்வி எழுகிறது.

அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. அரஃபா பெருவெளியில் ஒட்டகத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்த ஒருவரை, இலந்தை இலை கலந்த நீரால் குளிப்பாட்டி, அவர் உடுத்தியிருந்த இரண்டு துணிகளையே கஃபன் என்னும் சவத்துணியாக அணிவித்து, தலையை மூடாமல் விடுமாறு நபிகள் நாயகம் பணித்தார்கள் என்றும், ஹாஜிகள் ஓதும் தல்பியா முழக்கத்துடனேயே அவர் மறுமையில் எழுப்பப்படுவார் என்று கூறினார்கள் என்றும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. எனினும் அந்த மனிதர் சாவைத் தேடிச் சென்றவரல்லர். நேர்ந்துவிட்ட மரணத்துக்குக் கிடைத்த கண்ணியத்தை, மரணத்தை வரவழைப்பதற்கான இசைவாகக் கொள்வது அந்த ஹதீஸ் சொல்லாத ஒன்றைச் சொல்வதாகும்.

அதே நபியின் இறுதி ஹஜ்ஜில் வேறொரு காட்சியும் உண்டு. இஹ்ராம் என்னும் புனித நிலையில் இருக்கும் ஆண்கள் தலையில் படும்படி எதையும் அணியக் கூடாது. ஆயினும் மினாவில் கல்லெறியும் வேளையில் பிலால், உஸாமா ஆகிய இரு தோழர்களில் ஒருவர் நபியின் ஒட்டகக் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் வெயில் படாதவாறு துணியொன்றை உயர்த்திப் பிடித்திருந்தார். இன்று ஹாஜிகள் விரிக்கும் குடைக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. வெயிலைத் தாங்குவதே வணக்கமாக இருந்திருந்தால், அந்தத் துணி உயர்ந்திருக்காது.

இறைவனைச் சார்ந்திருத்தல் எனப்படும் தவக்குலுக்கும் முன்னெச்சரிக்கைக்கும் இடையிலான உறவு தெளிவாக விவாதிக்கப்பட்ட இடம் கலீஃபா உமரின் வரலாற்றில் இருக்கிறது. ஷாம் (சிரியா) நாட்டில் கொள்ளைநோய் பரவியதை வழியிலேயே அறிந்து அவர் திரும்ப முடிவு செய்தபோது, இறைவனின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று நபித்தோழர் அபூ உபைதா வினவினார். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்த உமர், ஒரு சரிவு பசுமையாகவும் மறுசரிவு வறண்டும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே நடக்கிறது என்று விளக்கினார். அபூ உபைதா பின்னர் அதே நோயில் இறந்தார். அவருடைய நம்பிக்கையைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை, ஆனால் உமரின் வாதம் அதனால் தளர்வதுமில்லை. நோயுள்ள ஊருக்குள் நுழையாதே, அங்கிருந்தால் வெளியேறாதே என்ற நபிமொழியும் உமர் திரும்ப முடிவு செய்த அவ்வேளையில்தான் அவருக்கு எடுத்துரைக்கப்பட்டது. இதன் பிற்பாதி பிறர் உயிரைப் பற்றியது. 1865இல் ஹாஜிகளிடையே பரவிய காலரா எகிப்து வழியாக ஐரோப்பாவரை சென்றதையும், 1987இல் ஹஜ்ஜை ஒட்டி மூளையுறைக் காய்ச்சல் பல நாடுகளுக்குப் பரவியதையும் எண்ணிப் பார்த்தால், இப்போது கட்டாயமாக்கப்பட்டுள்ள மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியை வெறும் விசா நிபந்தனையாகக் கருத இயலாது.

குர்ஆன் ஹஜ்ஜைச் சென்றுவர வல்லவர்மீதே கடமையாக்குகிறது. இஸ்திதாஅத் என்னும் இவ்வல்லமையில் பணமும் வழிப் பாதுகாப்பும் அடங்கும் என்பது தெரிந்ததே. உடல் வலுவின் இடம் குறித்து இமாம்கள் வேறுபடுகின்றனர். தீராத நோயாளிக்குக் கடமையே ஏற்படுவதில்லை என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. தமிழகக் கடலோர முஸ்லிம் ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ நெறியோ, வசதி இருந்தால் அவர் வேறொருவரை அனுப்பிப் பதலி ஹஜ் செய்விக்க வேண்டும் என்கிறது. எப்படிப் பார்த்தாலும், இதயநோய் முற்றிய முதியவர் மருத்துவரின் சொல்லை ஏற்று வீட்டில் தங்கினால் அவர் இறைநம்பிக்கையில் குறைந்தவராகிவிடுவதில்லை.

அனுமதியின்றிச் செல்வது பாவம் என்று சவூதியின் மூத்த அறிஞர்கள் அவை 2024இல் அறிவித்ததும் உயிரைக் காக்க வேண்டும் என்ற இந்த அடிப்படையில் ஏற்கத்தக்கதே. ஆனால் அனுமதியற்றோரில் பலர் அதிகாரபூர்வப் பயணச் செலவைத் தாங்க முடியாதவர்கள். முகவர்களின் பேச்சை நம்பி வந்தவர்களும் அவர்களிடையே உண்டு. ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் ஸிகாயா என்ற பொறுப்பு இஸ்லாத்துக்கு முன்பிருந்தே மக்காவில் இருந்து வந்தது. நபியின் சிறிய தந்தை அப்பாஸ் வகித்த அப்பொறுப்பு, வந்தவர் யார் என்று கேட்டு நிறைவேற்றப்பட்டதன்று. சட்டத்தை மீறியவரைப் பின்னர் விசாரிக்கலாம். வெயிலில் விழுந்தவருக்கு நிழலும் நீரும் தருவதற்கு அந்த விசாரணை முன்நிபந்தனையாக முடியாது.